குளியலுக்கு ஐந்து சதவீதம்: ஆஸ்திரேலிய வீட்டுப் பராமரிப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

மெல்போர்னில் ஏதோ ஒரு புறநகர்த் தெரு. எதிரெதிரே இரண்டு வீடுகள், இரண்டிலும் 84 வயது அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கும் அரசின் முழு முதியோர் பென்ஷன். சொத்து என்று பார்த்தால் குடியிருக்கிற வீடு மட்டும்தான். இரண்டு பேருக்கும் முழங்கால் போய்விட்டது, குளியலறைக்குள் தனியாகக் கால் வைக்கப் பயம். வாரத்தில் மூன்று நாள் ஒரே பணிப்பெண் வந்து, முதலில் இந்த அம்மாவைக் குளிப்பாட்டி உடை மாற்றிவிட்டு, அப்புறம் ரோட்டைக் கடந்து எதிர் வீட்டு அம்மாவைக் குளிப்பாட்டுகிறார். முதல் அம்மா அதற்குக் காசு எதுவும் கொடுப்பதில்லை. எதிர் வீட்டு அம்மாவுக்கு பில் வருகிறது.

ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டால் பதில் ஒரு தேதி: 2024 செப்டம்பர் 12. முதல் அம்மாவுக்கு அந்தத் தேதிக்கு முன்பே வீட்டுப் பராமரிப்பு பேக்கேஜ், அதாவது வீட்டுக்கே வந்து செய்யும் உதவிகளுக்காக அரசு தரும் தொகை, அனுமதி கிடைத்துவிட்டது. எதிர் வீட்டு அம்மா விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து ஆஸ்பத்திரிக்குப் போனது அதற்கு அடுத்த மாதம், அவரை மதிப்பீடு செய்ததும் அதற்குப் பிறகுதான்.

அம்மாக்கள் இருவரும் என் கற்பனை. தேதி கற்பனை இல்லை. அந்தத் தேதிக்குள் அனுமதி பெற்றவர்களுக்குப் புதிய முதியோர் பராமரிப்புச் சட்டத்தால் எந்த நஷ்டமும் வராது என்று ஆஸ்திரேலிய அரசு உறுதி கொடுத்தது, அதற்குப் பின்னால் வந்தவர்களுக்குப் புதிய கட்டணம். கொள்கை என்றால் எங்கோ கான்பெராவில் கோட் போட்டவர்கள் பேசிக்கொள்வது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது குளியலறை வரைக்கும் வந்து நிற்கும். எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்கலாம், ஏனென்றால் எழுபது வருஷமாக அந்த நாட்டில் ஒரே விஷயம்தான் திரும்பத் திரும்ப நடக்கிறது: அரசு பணத்தை எந்த அளவுகோலால் எண்ணுகிறதோ, சேவையும் அந்த வடிவத்துக்கே மாறிக்கொள்கிறது.

கட்டிலை எண்ணிய காலம்

1954ல் பிரதமர் மென்சீஸின் அரசு முதியோர் இல்லங்களுக்கான சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. தேவாலயங்களும் தொண்டு நிறுவனங்களும் முதியோருக்குக் கட்டடம் கட்டினால், அவர்கள் போடுகிற ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசும் ஒரு பவுண்டு போடும். 1957ல் அது ஒன்றுக்கு இரண்டாக உயர்ந்தது. 1963 முதல் நர்சிங் ஹோமில் இருக்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு என்று மானியம். கட்டில் இருந்தால் பணம் வரும் என்றால் என்ன நடக்கும்? கட்டில்கள் பெருகின. அடுத்த பத்து வருஷத்தில் நர்சிங் ஹோம் படுக்கைகள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது.

வீட்டிலேயே இருக்கிறவர்களுக்கு எதுவுமே இல்லை என்று சொல்ல முடியாது. அடிலெய்டில் டோரிஸ் டெய்லர் என்ற பெண்மணி, தானே சக்கர நாற்காலியில் இருந்தவர், 1954ல் போர்ட் அடிலெய்டில் சமையல்கூடம் ஒன்றைத் தொடங்கி வீட்டு வாசலுக்கே சுடச்சுடச் சாப்பாடு அனுப்பினார். 'மீல்ஸ் ஆன் வீல்ஸ்' அங்கே இன்றைக்கும் எல்லாருக்கும் தெரிந்த பெயர். ஆனால் மத்திய அரசு இந்தச் சாப்பாட்டுக்கு மானியம் கொடுக்கச் சட்டம் போட்டது 1970ல்தான். கட்டடத்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் பதினாறு வருஷம்.

1982ல் லியோ மக்லே தலைமையிலான நாடாளுமன்றக் குழு இதை அலசி ஓர் அறிக்கை கொடுத்தது. இல்லத்திலா, வீட்டிலா என்று கேட்கிற தலைப்பு. பணத்தின் பெரும்பகுதி நர்சிங் ஹோமுக்கே போகிறது, வீட்டில் கொஞ்சம் உதவி இருந்தால் அங்கே போகவே தேவையில்லாதவர்கள் பலர் அங்கே படுத்திருக்கிறார்கள் என்று அது சொன்னது. இதைச் சொல்ல ஒரு குழு வேண்டுமா என்று தோன்றலாம். வேண்டும்தான். வீட்டில் இருக்கும் கிழவிக்கு உதவி கொடுத்தால் எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது என்று அதுவரை யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான் விஷயம்.

மொத்தமாகக் கொடுத்த காலம்

1985ல் வந்தது வீடு மற்றும் சமூகப் பராமரிப்புச் சட்டம். சுருக்கமாக 'ஹேக்' என்பார்கள். இதற்கு மத்திய அரசும் மாநில அரசுகளும் சேர்ந்து பணம் போட்டன, தோராயமாக அறுபதுக்கு நாற்பது. வீட்டு வேலைக்கு ஆள், குளிப்பாட்ட ஆள், சாப்பாடு, ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி, குழாய் ரிப்பேர், வீட்டுக்கு வரும் நர்ஸ், பார்த்துக்கொள்ளும் மகளுக்கு இரண்டு நாள் ஓய்வு, எல்லாமே இந்த ஒரே திட்டத்துக்குள். பணம் தனி ஆளுக்கு என்று வராது. இத்தனை மணி நேரச் சேவை கொடு என்று சொல்லி நிறுவனத்துக்கு வருஷத்துக்கு ஒரு தொகை மொத்தமாக வரும்.

விக்டோரியா மாநிலத்தில் இது தனி மாதிரியாக வளர்ந்தது. அங்கே வீட்டு உதவியை நடத்தியது பெரும்பாலும் உள்ளூர் கவுன்சில்கள், நம் ஊர் நகராட்சி மாதிரி. மேலிருந்து வரும் மானியம் போதாமல் பல கவுன்சில்கள் தங்கள் சொந்த வரிப் பணத்தையும் சேர்த்துப் போட்டன. வேலை செய்பவர்கள் கவுன்சில் ஊழியர்கள், சங்கம் உண்டு, விடுப்பு உண்டு. வருஷக்கணக்காக ஒரே ஆள் ஒரே வீட்டுக்குப் போனார். வீட்டு நாய்க்குக்கூட அவரைத் தெரியும்.

இதை நான் பொற்காலம் என்று சொல்லப்போவதில்லை. மொத்தத் தொகையின் வியாதி வேறு. நல்ல கவுன்சில் இருக்கும் பகுதியில் சேவை, இல்லாத பகுதியில் கையை விரித்தல். இருக்கிற மணி நேரத்தை எல்லாருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பதால் ஆளுக்கு வாரத்தில் ஒரு மணி, இரண்டு வாரத்துக்கு ஒன்றரை மணி என்று எண்ணெய் தடவுவது போலத் தடவினார்கள். கொஞ்சம் உதவி தேவைப்பட்டவருக்கு அது போதும். படுக்கையிலிருந்து எழுப்பிவிடவே ஆள் தேவைப்பட்டவருக்கு அது எந்த மூலைக்கு?

அந்த இடைவெளியை நிரப்பத்தான் 1992ல் 'பேக்கேஜ்' என்ற சொல் வந்தது. முதியோர் விடுதிக்குப் போகும் நிலையில் இருப்பவரை வீட்டிலேயே வைத்துப் பார்க்க ஒரு தொகை. அப்புறம் நர்சிங் ஹோம் நிலையில் இருப்பவருக்கு அதைவிடப் பெரிய பேக்கேஜ். இதிலும் பாருங்கள், அளவுகோல் பழைய கட்டில்தான். எழுபது வயது தாண்டிய ஆயிரம் பேருக்கு இத்தனை இடம் என்று அரசு ஒரு விகிதம் வைத்திருந்தது, வீட்டு பேக்கேஜும் அதில் ஓர் 'இடம்'. 2012ல் பிரதமர் கில்லார்டின் அரசு அந்த விகிதத்தை 113லிருந்து 125 ஆக்கத் திட்டமிட்டது, அதில் வீட்டுப் பராமரிப்பின் பங்கு 27லிருந்து 45க்குப் போக வேண்டும் என்றது. வீட்டுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டிலைப் போட்ட மாதிரி.

தனிக் கணக்கும் நீண்ட வரிசையும்

இனி சொல்லப்போவதுதான் இந்த ஆய்வின் முக்கியப் பகுதி. 2013ல் பேக்கேஜ்கள் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டன. 2015 ஜூலை முதல் எல்லா பேக்கேஜுக்கும் பயனாளியே முடிவெடுக்கும் முறை: உங்கள் பெயரில் ஒரு தொகை, அதை எதற்குச் செலவிடுவது என்று நீங்கள் சொல்லலாம், மாதாமாதம் வரவு செலவு அறிக்கை உங்கள் கைக்கு வரும். பெரும்பாலான மாநிலங்களில் 2012லேயே முழுக்க மத்திய அரசின் கைக்குப் போயிருந்த ஹேக் திட்டத்தின் முதியோர் பகுதி, அதே மாதம் 'காமன்வெல்த் ஹோம் சப்போர்ட்' என்று பெயர் மாறியது. விக்டோரியா 2016லும் மேற்கு ஆஸ்திரேலியா 2018லும்தான் உள்ளே வந்தன.

2017 பிப்ரவரி 27 இன்னொரு முக்கியமான நாள். அதுவரை பேக்கேஜ் நிறுவனத்துக்குச் சொந்தம். அந்த நிறுவனத்தில் இடம் காலியானால்தான் உங்களுக்குக் கிடைக்கும். அன்று முதல் பேக்கேஜ் உங்கள் பின்னால் வரும், நிறுவனம் பிடிக்கவில்லையென்றால் தூக்கிக்கொண்டு வேறிடம் போகலாம். இதில் உண்மையான நன்மை உண்டு. சிட்னியின் பெண்டில்ஹில் பக்கம் இருக்கிற யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், தமிழ் பேசும் ஆள் அனுப்புகிற நிறுவனம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வழி பிறந்தது. மறதி நோய் முற்ற முற்றப் பின்னால் கற்ற ஆங்கிலம் பலருக்குப் போய்விடும், தாய்மொழிதான் மிஞ்சும். அப்போது இது ஆடம்பரம் இல்லை.

சந்தையும் பெருத்தது. 2016ல் 500க்குச் சற்றுக் குறைவாக இருந்த சேவை நிறுவனங்கள் மூன்றே வருஷத்தில் 900ஐத் தாண்டின. ஆனால் எத்தனை பேக்கேஜ் வெளியே விடுவது என்ற குழாயை அரசு தன் கையிலேயே வைத்துக்கொண்டது. முன்பு வரிசை ஒவ்வொரு நிறுவனத்தின் டைரியிலும் சிதறிக் கிடந்தது, யாருக்கும் மொத்தக் கணக்கு தெரியாது. இப்போது நாடு முழுக்க ஒரே வரிசை. முதல் தடவையாக எண்ணிப் பார்த்தால் ஒரு லட்சத்துக்கும் மேல். அதிகபட்ச உதவி தேவைப்பட்ட நான்காம் நிலைக்காரர்கள் ஒரு வருஷத்துக்கும் மேலாகக் காத்திருந்தார்கள். 2018ல் முதியோர் பராமரிப்பை விசாரிக்க ராயல் கமிஷன் என்ற உயர்மட்ட விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. 'புறக்கணிப்பு' என்ற ஒற்றைச் சொல்லைத் தலைப்பாக வைத்து 2019 அக்டோபரில் அது கொடுத்த இடைக்கால அறிக்கை, 2017-18ல் மட்டும் 16,000க்கும் மேற்பட்டவர்கள் பேக்கேஜுக்குக் காத்திருந்த நிலையிலேயே இறந்துபோனதைப் பதிவு செய்தது. காத்திருந்ததால்தான் இறந்தார்கள் என்று அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இவர்கள் வயதும் நோயும் அப்படி. ஆனால் குளிக்க உதவி வேண்டும் என்று அரசே எழுதிக் கொடுத்து, அது வருவதற்குள் போய்ச் சேர்ந்தார்கள் என்பதில் சந்தேகமில்லை.

இதே நேரத்தில் இன்னொரு பக்கம் நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். பேக்கேஜ் கிடைத்தவர்களின் கணக்கில் பணம் செலவாகாமல் சேர்ந்துகொண்டே போனது. அரசு மாதாமாதம் முழுத் தொகையையும் நிறுவனத்துக்கு முன்கூட்டியே அனுப்பிவிடும், சேவை நடந்ததோ இல்லையோ. மிஞ்சியது பயனாளியின் பெயரில் அங்கேயே கிடக்கும். மொத்தமாகப் பார்த்தால் அது நூறு கோடி டாலரைத் தாண்டியது. ஏன் செலவு செய்யவில்லை? வேலைக்கு ஆள் கிடைக்காதது ஒரு காரணம். இன்னொன்று, இவர்கள் சிக்கனத்திலேயே வளர்ந்த தலைமுறை. 'உங்கள் கணக்கில் இவ்வளவு இருக்கிறது' என்று மாதாமாதம் காகிதம் அனுப்பினால் அந்த அம்மா அதைச் சேமிப்பு என்றுதான் நினைப்பார், நாளைக்கு விழுந்து படுத்துவிட்டால் உதவும் என்று எடுத்து வைப்பார். அஞ்சறைப் பெட்டியில் காசு ஒளித்து வைத்த கை அப்படித்தான் செய்யும். அரசு தனிக் கணக்கு என்ற வடிவத்தைக் கொடுத்தது, மக்கள் கணக்கை எப்படி நடத்துவார்களோ அப்படியே நடத்தினார்கள். வாசலில் ஒரு லட்சம் பேர் நிற்க, உள்ளே நூறு கோடி தூங்கியது.

2021ல் இதைச் சரி செய்ய, சேவை கொடுத்த பிறகு கொடுத்த அளவுக்கு மட்டும் பணம் என்று மாற்றினார்கள். அதே வருஷம் மார்ச் 1ல் ராயல் கமிஷனின் இறுதி அறிக்கை வெளியானது, 148 பரிந்துரைகள். மே மாத பட்ஜெட்டில் இரண்டு வருஷத்தில் 80,000 புதிய பேக்கேஜ்களை அரசு அறிவித்தது.

விக்டோரியாவின் கவுன்சில்காரர்களை மறந்துவிடவில்லை. தனிக் கணக்கு முறை வந்த பிறகு பல கவுன்சில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீட்டுப் பராமரிப்பிலிருந்து வெளியேறின. காரணம் எளிது. வருஷத்துக்கு இவ்வளவு வரும் என்று தெரிந்தால் நிரந்தர ஊழியரை வைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் எப்போது வேண்டுமானாலும் போகலாம், பணம் மணிக்கணக்கில் வரும் என்றால், மணிக்கணக்கில் ஆள் வைப்பவர்கள்தான் தாக்குப்பிடிப்பார்கள். இந்தத் துறை ஊழியர்களின் சம்பள விதிகளில், பகுதிநேர, தற்காலிக ஊழியர்களை அழைத்தால் குறைந்தது இரண்டு மணி நேரச் சம்பளமாவது தர வேண்டும் என்ற விதியே 2022 ஜூலையில்தான் வந்தது. அதற்கு முன்னால் அரை மணி வேலைக்கு நாற்பது நிமிஷம் கார் ஓட்டிப் போனவர்கள் உண்டு. 2023 ஜூன் 30 முதல் நேரடிப் பராமரிப்பு ஊழியர்களுக்கு 15 சதவீத ஊதிய உயர்வு வந்தது, அது நல்ல விஷயம். ஆனால் நாய்க்குத் தெரிந்த அந்தப் பழைய ஆள் திரும்பி வரவில்லை. பயனாளிக்கு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வந்தபோது, பலருக்கு, வீட்டுக்கு வருகிற ஆள் யார் என்பது வாராவாரம் மாறத் தொடங்கியது.

இப்போதைய ஏற்பாடு

2024 நவம்பரில் புதிய முதியோர் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது. 2025 ஜூலை 1ல் தொடங்க வேண்டியது. தொழில்நுட்ப ஏற்பாடுகள் தயாராகவில்லை, நிறுவனங்கள் கேட்டுக்கொண்டன என்று நவம்பர் 1க்குத் தள்ளினார்கள். அரசு சொல்லியிருந்த 83,000 புதிய இடங்களும் அந்தத் தேதியோடு கட்டப்பட்டிருந்தன, ஆகவே சட்டம் தள்ளிப் போனபோது அவையும் தள்ளிப் போயின. வரிசையில் அப்போது 80,000க்கும் மேற்பட்டவர்கள். கடைசியில் செப்டம்பர் தொடக்கத்தில் செனட்டில் எதிர்க்கட்சியும் பசுமைக் கட்சியும் டேவிட் போகாக் போன்ற சுயேச்சைகளும் ஒன்றுசேர்ந்து நெருக்கிய பிறகு, 20,000 இடங்களை முன்கூட்டியே விட அரசு ஒப்புக்கொண்டது. கம்ப்யூட்டர் மாற்றுவதற்கும் ஒரு கிழவரைக் குளிப்பாட்ட ஆள் அனுப்புவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், சம்பந்தம் இல்லை, கட்டி வைத்தார்கள்.

புதிய திட்டத்தின் பெயர் 'சப்போர்ட் அட் ஹோம்'. நான்கு நிலைகள் எட்டாயின; வருஷத்துக்குச் சுமார் 11,000 டாலரிலிருந்து 78,000 டாலர் வரை. தொகை மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும். மிஞ்சினால் 1,000 டாலரோ அந்தக் காலாண்டுத் தொகையில் பத்து சதவீதமோ, எது அதிகமோ அதை மட்டும் அடுத்த காலாண்டுக்குக் கொண்டுபோகலாம். தூங்கும் பணத்துக்கு வைத்த பூட்டு இது. அஞ்சறைப் பெட்டி இனி கிடையாது.

அடுத்து கட்டணம். பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வியில் ராயல் கமிஷனின் ஆணையர்கள் பகோனும் பிரிக்ஸும் தனித்தனி வழி சொன்னாலும் இருவரும் வரியை ஒட்டிய தனித் தீர்வை ஒன்றைத்தான் யோசித்தார்கள். அரசு அதை ஏற்கவில்லை. 2024 மார்ச்சில் வந்த சிறப்புக் குழு அறிக்கை, வசதியுள்ள முதியவர்கள் கூடுதலாகப் பங்கு போடட்டும், உழைக்கும் தலைமுறை மேல் மொத்தத்தையும் ஏற்ற வேண்டாம் என்றது. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. இருபது லட்சம் டாலர் வீட்டில் இருப்பவரின் தோட்டப் புல்லை வாடகை வீட்டு இளைஞனின் வரியில் ஏன் வெட்ட வேண்டும்? ஆக சேவைகள் மூன்று பெட்டிகளாகப் பிரிக்கப்பட்டன. மருத்துவம் சார்ந்தவை: யாருக்கும் கட்டணம் இல்லை. தன்னால் இயங்க உதவுபவை: முழு பென்ஷன்காரருக்கு 5 சதவீதம், பென்ஷனே இல்லாத வசதியானவருக்கு 50 வரை. சுத்தம் செய்தல், தோட்டம், சமையல் போன்ற அன்றாட வேலைகள்: 17.5 முதல் 80 வரை.

2025 நவம்பரில் திட்டம் தொடங்கியபோது குளியல் எந்தப் பெட்டியில் விழுந்தது? இரண்டாவதில். அதாவது நர்ஸ் வந்து புண்ணுக்குக் கட்டுப் போட்டால் இலவசம். புண் வராமல் உடம்பைக் கழுவித் துடைத்துவிட்டால் கட்டணம். முதியோர் அமைப்புகள் கொதித்தது இங்கேதான். காசுக்குப் பயந்து குளியலைக் குறைத்துக்கொள்வார்கள் என்ற கவலையை அவை எழுப்பின.

திட்டம் தொடங்கியபோது இருந்த விகிதத்தில் நம் எதிர் வீட்டு அம்மாவுக்குக் கணக்குப் போடுவோம். மணிக்கு 100 டாலர் என்று வசதிக்காக வைத்துக்கொள்கிறேன். வாரத்தில் மூன்று குளியல், ஒவ்வொன்றும் அரை மணி என்றால் 150 டாலர், அவர் பங்கு 7.50. வாரத்துக்கு ஒரு மணி வீடு கூட்டித் துடைக்க 17.50. வாரத்துக்கு 25 டாலர், பென்ஷன் வரும் இரண்டு வாரத்துக்கு 50. தனியாக இருப்பவரின் முழு பென்ஷன் 2025 கடைசியில் இரண்டு வாரத்துக்குச் சுமார் 1,180 டாலராக இருந்தது. நாலு சதவீதம்தானே என்று அதிகாரி சொல்லலாம். நிதிக் கஷ்டம் என்றால் விண்ணப்பித்து விலக்கு வாங்கவும் வழி இருக்கிறது. ஆனால் அந்த நீளமான படிவத்தை நிரப்பக்கூடிய தெம்பு இருந்தால் அவருக்கு இந்தச் சேவையே தேவைப்படாதோ என்னவோ.

அந்த 100 டாலருக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது. முன்பு நிறுவனங்கள் பராமரிப்பு நிர்வாகத்துக்கு 20 சதவீதம், பேக்கேஜ் நிர்வாகத்துக்கு 15 சதவீதம் வரை எடுக்கலாம். அறிக்கையில் அது தனி வரியாகத் தெரியும், குடும்பத்தார் பார்த்துக் கோபப்படுவார்கள். புதிய முறையில் பராமரிப்பு நிர்வாகத்துக்குப் பத்து சதவீதம் மட்டும், மற்ற நிர்வாகச் செலவெல்லாம் மணிக் கட்டணத்துக்குள்ளேயே அடங்க வேண்டும். அடங்கியது, மணிக் கட்டணம் ஏறியது. விலைக்கு அரசின் உச்சவரம்பு முதல் நாளில் இருக்கவில்லை. தனி வரி காணாமல் போனதால் கோபமும் இடம் மாறியது, இப்போது அது பணிப்பெண்ணின் மேல் திரும்புகிறது: 'உனக்கா மணிக்கு இவ்வளவு?' என்று. அவர் கைக்கு அதில் பாதிகூடப் போவதில்லை என்பது பல நேரம் அந்த அம்மாவுக்குத் தெரியாது.

மிச்சம் இருப்பது அந்தப் பழைய ஹேக்கின் வாரிசான 'காமன்வெல்த் ஹோம் சப்போர்ட்'. வருஷத்துக்குச் சுமார் 8 லட்சம் பேருக்கு, பெரும்பாலும் சின்னச் சின்ன உதவிகளை, இன்னும் மொத்தத் தொகையில் தந்துகொண்டிருக்கிறது. 2027 ஜூலை 1க்கு முன்னால் அதைப் புதிய திட்டத்தில் சேர்க்க மாட்டோம் என்று அரசு சொல்லியிருக்கிறது. சேர்த்தால் எப்படிச் சேர்ப்பார்கள் என்பதுதான் நான் கவனித்துக்கொண்டிருக்கும் விஷயம். பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு கடைக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் போகிற வேனை மொத்தத் தொகையில் ஓட்டலாம். மூன்று பேர் உடம்பு சரியில்லை என்று வராவிட்டாலும் வேன் போகும், டிரைவருக்குச் சம்பளம் உண்டு. ஆள் கணக்கில் பணம் வந்தால் அந்த மூன்று காலி இருக்கைக்கும் யார் கொடுப்பது? சாப்பாடு கொண்டுவரும் தன்னார்வலர் கதவைத் தட்டுவார், பதில் வரவில்லையென்றால் பக்கவாட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார், நேற்று வைத்த டப்பா திறக்காமல் கிடந்தால் மகளுக்குப் போன் போடுவார். சாப்பாட்டுக்குச் சேவைப் பட்டியலில் ஒரு வரி இருக்கிறது. ஜன்னலுக்கும் அந்தப் பட்டியலில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.